விளக்கு வைத்த பிறகு ஒரு தட்டு

திருவண்ணாமலை
9.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அருகன் அருளால் நான் நலம். குளிர் நாளில் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? அஜிதன் வாங்கித் தந்த கருவியை மாட்டுகிறாயா, இல்லை அது இன்னும் அலமாரியில்தானா? தொலைபேசியில் நான் எவ்வளவு கத்தினாலும் உன் மகன்தான் மறுமொழி சொல்கிறான். இந்த விஷயத்தை அவன் வழியாகச் சொல்ல எனக்குக் கூச்சம். சுருக்கம் முதலில்:

1. நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.
2. குட்டி அல்ல. வயது வந்த நாய்.
3. முதற்காரணம் திருட்டு பயம்.
4. நம் வீட்டு வழக்கத்தில் இதனால் எதுவும் மாறாது. நீ எப்போது வந்தாலும் வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கும்.
5. அப்பா எழுதிவைத்த இந்த வீட்டில் பாதி உன்னுடையது. ஆகவே உன் சம்மதம் வேண்டும்.

இனி விளக்கம். எனக்கு எழுபத்துமூன்று வயது. இந்த வயதில் குட்டி எடுத்தால் அது எனக்குப் பின்னும் பல காலம் இருக்கும். அது நியாயம் இல்லை. கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், அடிபட்ட தெருநாய்களை எடுத்து வைத்துப் பார்க்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே குட்டிகளுக்குத்தான் ஆள் வருகிறார்களாம். வளர்ந்த நாயை யாரும் கேட்பதில்லையாம்.

நான்காவது குறிப்பைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். நான் இன்றும் பொழுது சாயும் முன் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். விளக்கு வைத்த பிறகு சோற்றில் விழுகிற சிற்றுயிரைத் தெரியாமல் கொன்றுவிடக் கூடாது என்று சமண முறைப்படி நம்மை வளர்த்தார்கள். நாய் வந்தாலும் அதே சோறு, அதே நேரம்.

இத்தனை எழுதிய பிறகும் இது சரியான முடிவுதானா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

என்றும் உன் தம்பி,
மல்லிநாதன்


பெங்களூரு
24.1.2024

தம்பி மல்லிக்கு அக்காவின் ஆசிகள்.

நான் சௌக்கியம். காது போனது போனதுதான். கருவியை மாட்டினால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. அஜிதன், மருமகள் சுதர்சனா, பேத்தி தீக்ஷா எல்லாரும் நலம். சுதர்சனாவுக்கு ஆபீசில் வேலை ஜாஸ்தி, வீடு திரும்ப எட்டாகிவிடுகிறது. தீக்ஷா காலேஜில் இரண்டாவது வருஷம்.

திருடன் உன் வீட்டுக்கு எதற்கு வரப்போகிறான்? ஒன்பதாம் பதிப்பு இயற்பியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவா? வீட்டில் பேச ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதினால் உன் பேனா உடைந்துவிடுமா? உன் பெண்டாட்டி போய் மூன்று வருஷமாகிறது. அது எனக்குத் தெரியாதா?

சிறுவயதில் நாயைக் கண்டால் என் பின்னால் ஒளிந்தவன் நீ. இப்போது என்னிடமே சம்மதம் கேட்கிறாய். சரி, கொண்டு வா. என் பாதி வீட்டுக்குள் வந்தாலும் பரவாயில்லை.

முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. என் பழக்கவழக்கம் எல்லாம் எப்போதும் போலத்தான்.

குணமதி


திருவண்ணாமலை
6.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சம்மதம் கிடைத்தது. எண்ணெய் தேய்த்தேன், கால் தேவலை. நீ நலமா என்று கேட்கும் முன்பே என் புலம்பலைத் தொடங்குவதற்கு மன்னித்துவிடு.

காப்பகத்துக்குப் போனேன். அங்கு ஆர்த்தி என்று ஒரு பெண், நாய்களை வீடுகளுக்குக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. கேள்வி மேல் கேள்வி. மதில் எவ்வளவு உயரம்? கேட்டுக்கு அடியில் எவ்வளவு சந்து? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? கடைசியாகக் கொஞ்சம் தயங்கி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாயை யாரு பாத்துப்பாங்க?" என்றாள். குட்டி வேண்டாம் என்று தீர்மானித்தவன், இதையும் யோசித்திருக்க வேண்டும்.

பதில் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டு அப்பாதுரையிடம் போனேன். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், உனக்கு நினைவிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரே, நீ போய்ட்டா நாயை நான் பாத்துக்கறேன். நான் முந்திக்கினா என் பொண்டாட்டிய நீ பாத்துக்க வாணாம், அவ யாரையும் பாத்துக்க விடமாட்டா" என்று சொல்லி, காப்பகத்தில் தம் பெயரைக் கொடுக்கச் சம்மதித்தார்.

பிறகு வீட்டைப் பார்க்க வந்தார்கள். கேட்டுக்கு அடியில் பலகை அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். மறுபடி வந்து, பலகையில் ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள். நாற்பது வருடம் மாணவர்களின் செய்முறைத் தேர்வில் குறை கண்டுபிடித்தவனுக்கு இது தகும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

நாயைப் பார்த்துவிட்டேன். ஐந்தாறு வயதுப் பெட்டை. பழுப்பு நிறம். ஒரு காது கிழிந்திருக்கிறது. அடி அண்ணாமலை அருகே கிரிவலப் பாதையில் திரிந்துகொண்டிருந்ததாம். பௌர்ணமிக் கூட்டத்தில் வேன் ஏறிப் பின்னங்கால் முறிந்து, இப்போது நொண்டுகிறது. காப்பகத்தில் வைத்த பெயர் பிங்கி. அந்தப் பெயரைத் தெருவில் நின்று நான் எப்படிக் கூப்பிடுவது?

உன் தம்பி,
மல்லிநாதன்


திருவண்ணாமலை
27.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். பிங்கி வீட்டுக்கு வந்து பத்து நாட்களாகின்றன. மூன்று மாதம் பார்ப்பார்களாம், இடையிடையே எடை பார்ப்பார்களாம், எல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்கே விடுவார்களாம்.

அது பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொள்கிறது. கூப்பிட்டால் பார்க்கிறது. வருவதில்லை. குலைப்பதும் இல்லை. திருடன் வந்தால் வழிவிடும் என்று அப்பாதுரை சொல்கிறார்.

சாப்பாடுதான் பெரிய தொல்லை. காப்பகத்திலும் சோறு, பருப்பு, சோயாதான். எப்போதாவது கோழி. கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். அதே சோற்றை, அதே பருப்பை, கேரட் மசித்துப் போட்டுக் குழைய வடிக்கிறேன். காலையில் வைத்தால் இரண்டு வாய் நக்குகிறது. மாலை நான் சாப்பிடும்போது அதற்கும் வைக்கிறேன். தட்டைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடுகிறது. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிடுகிறேன். தயிர், வெல்லம், பால் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது செய்முறையின் அடிப்படை. நான் அதைத் தவறாமல் செய்கிறேன். அது தவறாமல் பட்டினி கிடக்கிறது.

நேற்று மதிலுக்கு மேலாக அப்பாதுரை எட்டிப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, நாய்க்கும் விரதமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கை ராசியா, குரலா, இந்த வீட்டின் வாசனையா, எது அதற்குப் பிடிக்கவில்லை என்று புரியவில்லை. நீ நான்கு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவள். ஏதாவது தோன்றினால் எழுது.

உன் தம்பி,
மல்லிநாதன்


பெங்களூரு
8.3.2024

தம்பி மல்லிக்கு,

எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குத் தூங்கு. நாயை நினைத்து நீ இளைத்துவிடாதே.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், கோபிக்காதே. சாயங்காலம் தட்டை எடுக்காமல் விட்டுப் பாரேன். இருட்டின பிறகும் அங்கேயே இருக்கட்டும். ஒரு நாள் விட்டால் என்ன ஆகிவிடும்?

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

குணமதி


திருவண்ணாமலை
15.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது.

இருட்டிய பிறகு சோற்றுத் தட்டைத் திறந்து வைப்பதா? நீயா இப்படி எழுதியது? பின்கட்டு விளக்கைப் போட்டால் ஈசலும் கொசுவும் எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர், மாமா, இறந்த அன்று, பொழுது போய்விட்டது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவள் நீ. அதை இன்றும் நம் உறவில் சொல்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் அந்த ஒழுக்கத்தைக் குறையில்லாமல் காப்பவர்கள் நாம் இருவர்தான். எனக்குச் சில நாள் சோர்வு வரும். அக்கா பெங்களூரில் தனியாகக் கடைப்பிடிக்கிறாள், உனக்கு என்ன கேடு என்று என்னையே கேட்டுக்கொள்வேன். நாய்மேல் உள்ள இரக்கத்தில் நீ அவசரமாக எழுதிவிட்டாய். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே நிலைமை மோசம். எடை பார்த்தார்கள். குறைந்திருக்கிறது. சைவச் சோறு மட்டும் போதாமல் இருக்கலாம், முட்டை கொடுத்துப் பாருங்கள் என்றாள் ஆர்த்தி. மூன்று நாள் யோசித்தேன். நாய் என் மதத்தில் பிறக்கவில்லை என்று ஒரு பக்கம். அதை என் வீட்டுக்குக் கூட்டிவந்தவன் நான்தானே என்று மறு பக்கம். கடைசியில் அப்பாதுரை தம் வீட்டில் அவித்து, உரித்து, காகிதத்தில் வைத்து மதிலுக்கு மேலாக நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கி அதன் முன்னால் வைத்தேன். அது மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. பாவமும் வந்தது, பயனும் இல்லை. "உன்னோட சேந்து அதுவும் ஜைன நயினாராய்டுச்சி" என்கிறார் அப்பாதுரை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சைவமா அசைவமா என்பது பிரச்சினை இல்லை. அப்படியானால் பிரச்சினை நான்தான்.

உன் தம்பி,
மல்லிநாதன்


திருவண்ணாமலை
10.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஏறக்குறைய ஒரு மாதமாகிறது. அஜிதனுக்குப் போன் செய்தேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்றான். நன்றாக இருப்பவள் ஏன் எழுதவில்லை? போன கடிதத்தில் நான் கடுமையாக எழுதிவிட்டேனா? நகல் வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மரியாதைக் குறைவாக எதுவும் எழுதியதாக நினைவில்லை. உன்னை உயர்வாகத்தான் எழுதினேன்.

பிங்கியின் விலா எலும்பு தெரிகிறது. கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றார். நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சித்ரா பௌர்ணமிக்குள் எடை ஏறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஆர்த்தி சொல்லிவிட்டாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. "சிலதுக்கு சில வீடு ஒத்துக்காது சார்" என்றாள். அப்படித் தன்மையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டபோது, அது தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து கேட் வரை வந்தது. நான் பால் வாங்கித் திரும்பும் வரை அங்கேயே நின்றிருந்தது. உள்ளே வந்ததும் மறுபடி தன் இடத்துக்குப் போய்விட்டது. என்னை வெறுக்கிற பிராணி அப்படி நிற்குமா? வெறுக்கவில்லை என்றால் ஏன் சாப்பிடவில்லை? எந்தப் பக்கம் போனாலும் சுவரில்தான் முட்டுகிறேன்.

ஒரு கார்டாவது போடு.

உன் தம்பி,
மல்லிநாதன்


திருவண்ணாமலை
30.4.2024

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பௌர்ணமிக்கு மறுநாள் பிங்கியைக் கொண்டுபோய்விட்டார்கள். வேனில் ஏறமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. நான்தான் தூக்கி ஏற்றினேன். தூக்குவது சுலபமாக இருந்தது. அவ்வளவு இளைத்திருந்தது.

இதில் நான் எங்கே தவறினேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு நாய்க்குச் சோறு போடத் தெரியாதவன் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். நீயும் எழுதவில்லை. அதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மல்லிநாதன்


பெங்களூரு
20.5.2024

என் தம்பி மல்லிக்கு,

உன் மூன்று கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். அவ்வளவுதான். இன்று எழுதி முடிக்காமல் எழப்போவதில்லை.

நான் ராத்திரிதான் சாப்பிடுகிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வருஷக்கணக்காக.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் ஐந்தரைக்கே நானே போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். எட்டு மணிக்கு மூன்று பேரும் வந்து சாப்பிட உட்காருவார்கள். நான் என் அறையில் இருப்பேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும், காலடி நிழல் அசையும். அவர்கள் சிரிக்கிறார்களா சண்டை போடுகிறார்களா என்றுகூடத் தெரியாது. போகப்போக அந்த ஐந்தரை மணிச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காமல் போயிற்று. பாதித் தட்டை அப்படியே கொட்டுவேன். இளைத்துப்போனேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

ஒரு நாள் சுதர்சனா என் அறைக்கு வந்தாள். அவள் பேசுவது எனக்குக் கேட்காது என்று தெரிந்தும், உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அத்தே, சாப்பிட வேணாம். சும்மா வந்து எங்ககூட உக்காருங்க." போய் உட்கார்ந்தேன். தீக்ஷா பாதி தோசையைப் பிய்த்து என் முன்னால் வைத்தாள். எடுத்துச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அப்படித்தான். நான் செய்தது சரி என்றோ தப்பு என்றோ உன்னிடம் வாதாட வரவில்லை. எனக்குச் சோறு இறங்கிற்று.

உன் பிப்ரவரிக் கடிதத்தில் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கிரிவலப் பாதையில் பகலெல்லாம் கடைக்காரன் விரட்டுவான், வேன் வரும், வேறு நாய் கடிக்கும். எல்லாம் அடங்கி இருட்டின பிறகுதானே அதற்கு ஒரு வாய் கிடைத்திருக்கும்? காப்பகத்தில் மற்ற நாய்களோடு சேர்ந்து எப்போது தின்றது என்று நீ கேட்டாயா? என்ன தின்றது என்று மட்டும் கேட்டிருப்பாய். நீ வைக்கிற நேரத்தில் அதற்கு வாய் வராது. அதற்கு வாய் வருகிற நேரத்தில் உன் வீட்டில் தட்டு கிடையாது.

சும்மா தட்டை விட்டுப் பார் என்று மேலோட்டமாக எழுதினேன். நீ என்னைத் தூக்கித் தலைமேல் வைத்து ஒரு கடிதம் போட்டாய். அதைப் படித்த பிறகு, உண்மையை எழுத எனக்குக் கை வரவில்லை. பெரிய அக்காவாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பெருமைக்காக உன் நாயைப் பட்டினி போட்டவள் நான். நீ தவறியதைச் சொல்ல ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். ஆள் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே. அது எப்படி இருக்கும் என்று இப்போது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

குணமதி


திருவண்ணாமலை
7.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்பதோடு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

ஏழு வாரம் பதில் எழுதவில்லை. கோபம்தான், மறைப்பதற்கில்லை. உன்மேல் எவ்வளவு, என்மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. சுதர்சனா உன்னைக் கூப்பிட்டாள் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் கடிதத்தை மடித்து வைத்துவிடுவேன். அத்தனை வருடமும் நீ தனியாக உறுதியாக இருக்கிறாய் என்று உன்னை மெச்சிக்கொண்டிருந்தேனே தவிர, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாயே என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

கடிதம் வந்த அடுத்த வாரம் காப்பகத்துக்குப் போனேன். ஆர்த்தியிடம் சொன்னேன். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சார், ஆறு மணிக்கெல்லாம் தட்ட எடுத்துடுவீங்களா? இதை நீங்க சொல்லவே இல்லையே." சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை என்றேன். கேட்க வேண்டிய விஷயம் என்று தனக்கும் தோன்றவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். அங்கே ஒரு கூண்டில் மூன்று நாய்கள். இருட்டும் நேரத்தில் சோற்றை வைத்துவிட்டு வேலையாட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் வந்து காலித் தட்டை எடுப்பார்கள். பிங்கி சாப்பிடுவதை அங்கேயும் யாரும் பார்த்ததில்லை.

உடனே கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. இன்னொரு தடவை இளைக்கவிட்டால் அது தாங்காது, முதலில் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்காருங்கள், உங்கள் எதிரில் சாப்பிடட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். அதனால் வழக்கம்போல் பொழுதோடு சாப்பிட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பேருந்து ஏறுவேன். திரும்பும் பேருந்து பல நாள் வராது. ஒருநாள் கடலை மூட்டை ஏற்றிய வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்தேன். இன்னொரு நாள் மழை. முதல் வாரம் பிங்கி கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. மற்ற இரண்டும் அதன் பங்கையும் தின்றுவிட்டு என்னைப் பார்த்துக் குலைத்தன. இது நடக்காது என்று இரண்டு முறை முடிவு செய்தேன். இரண்டு முறையும் மறுநாள் போனேன். பிறகு ஒரு மாலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டது. ஆர்த்தி அதைப் போதுமென்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தது. அப்பாதுரை மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "அடடே, வா பிங்கி. இந்த வாட்டி சோறு உண்டா, கேட்டுக்கினு உள்ள போ" என்றார்.

நான் பொழுதோடு சாப்பிடுவதற்கு உட்கார்ந்தேன். என்னவோ மனம் வரவில்லை. எடுத்துப் போட்டதை மூடி வைத்தேன். விளக்கு வைத்து, கும்பிட்டு, பின்கட்டு விளக்கை அணைத்துவிட்டேன், பூச்சிகள் வராதபடி. உள்ளறை வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. தட்டை அதன் முன்னால் வைத்து எட்டிப் போய் நின்றேன். சாப்பிடவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்க நேரமாயிற்று. அப்போதும் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. காப்பகத்தில் அதன் இரண்டு பக்கமும் நாய்கள் தின்றுகொண்டிருந்தன. இங்கே நான் கையைக் கட்டிக்கொண்டு பரிசோதகர் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா நினைவுக்கு வந்தார். நீ நினைவுக்கு வந்தாய், கதவுக்கு அடியில் தெரிகிற வெளிச்சத்தோடு. பிறகு உள்ளே போய் மூடி வைத்ததை எடுத்துக்கொண்டு வந்தேன். டார்ச் அடித்து இரண்டு தட்டிலும் பூச்சி எதுவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். முதல் வாய் வைத்ததும், அதுவும் தலையைக் குனிந்தது.

சாப்பிட்ட பிறகு இரண்டு தட்டையும் கழுவி வைத்தேன். இதைச் சரி என்று சொல்ல இன்னும் எனக்குத் துணிவில்லை. இரண்டு நாளாகக் காலையில் கூடுதலாக ஒரு வேளை வழிபாடு செய்கிறேன். ஆனால் மாலையில் தட்டை எடுப்பதில்லை.

தீக்ஷாவுக்கு விடுமுறை வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு நீ இங்கே வர வேண்டும். காதில் எதுவும் மாட்ட வேண்டாம். பிங்கியும் குலைப்பதில்லை, நானும் அதிகம் பேசுவதில்லை. எட்டு மணிக்குச் சாப்பிடலாம். வருவதற்கு முன் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். முதல் கடிதத்தில் நான்காவதாக, வீட்டு வழக்கத்தில் எதுவும் மாறாது, நீ விட்டுப்போனபடியே இருக்கும் என்று உறுதியாக எழுதியிருந்தேன். அது தவறு.

உன் தம்பி,
மல்லிநாதன்